அப்பாவுக்கு எட்டு மாதத்தில் மூன்று தரம் நெஞ்சுச்சளிக் காய்ச்சல், சாப்பாடு நுரையீரலுக்குள் போகுதாம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

முத்தையன்கட்டு_மகள் எழுதியது:

வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம். அப்பாவுக்கு வயது 71. போன வருடம் மாசியில், காலபோக அரிவி வெட்டு முடிந்து நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் குழறியது. இப்போது தடி பிடித்து வளவுக்குள் நடப்பார், பேச்சும் வீட்டுக்காரருக்கு விளங்கும் அளவுக்கு வந்துவிட்டது. அது போதும் என்று ஆறுதல்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தக் காய்ச்சல் தொடங்கியது.

முதல் தரம் வந்தபோது பனிக்காலம், சளி பிடித்துவிட்டது என்று நினைத்தோம். வாட்டில் ஐந்து நாள் வைத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டாவது தரம் காசநோயாக இருக்கலாம் என்று மூன்று நாள் சளி எடுத்துப் பரிசோதித்தார்கள், இல்லை என்று வந்தது. மூன்றாவது தரம் ஒரு புது டொக்டர் பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வரிசையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூன்று தரமும் வலப்பக்கம் கீழேயே வந்திருக்கு, ஐயா எப்படிச் சாப்பிடுகிறவர்?" என்று கேட்டார். எட்டு மாதமாக ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சீ.ரி. ஸ்கான் எடுத்தபிறகு சொன்னார், சாப்பாடும் எச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கி இறங்கி அந்த இடத்தில் குழாய்கள் விரிந்து பழுதாகிவிட்டன, அது இனிப் பழையபடி வராது என்று.

எனக்கு விளங்காத விஷயம் இதுதான். அப்பாவுக்குச் சாப்பிடும்போது பிரக்கடிக்கிறதே (புரையேறுகிறதே) இல்லை. இருமுவதும் குறைவு. அப்படியென்றால் சாப்பாடு எப்படி உள்ளே போகும்? அம்மா அவரைக் கட்டிலில் இரண்டு தலகணியில் சாய்த்துவைத்துத்தான் தீத்துகிறா. ஒரு கோப்பை சோறு முடிய முக்கால் மணித்தியாலம் போகும். மூக்கால் குழாய் போட வேண்டி வருமா? அவர் தேத்தண்ணி இல்லாமல் இருக்க மாட்டார், அதையும் நிற்பாட்ட வேண்டுமா? அம்மா தான் ஊட்டித்தான் இப்படி வந்தது என்று இரவில் இருந்து அழுகிறா. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கோ.

வாட்டுத்_தாதி எழுதியது:

தங்கச்சி, முதலில் அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கோ. நான் கிளிநொச்சியில் மருத்துவ வாட்டில் வேலை செய்கிறேன். உங்கள் அப்பாவைப் போல ஆட்கள் வருகிறார்கள், சளி என்று வந்து சளி என்று போய்த் திரும்பவும் சளி என்று வருவார்கள். தீத்துகிற ஆள் செய்த பிழை என்று ஒன்றும் இல்லை, எப்படித் தீத்த வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு அனுப்பும்போது இருந்து சொல்லிக் காட்டியிருக்க வேண்டும்.

பிரக்கடிக்கவில்லை என்று சொன்னீர்களே, இதில் ஆபத்தானதே அதுதான். எங்களுக்கு ஒரு பருக்கை வழிமாறினால் உடனே இருமி வெளியே தள்ளுகிறோம், அந்த இருமல் ஒரு காவல்காரன். பாரிசவாதம் வந்த பலருக்குத் தொண்டைக்குள் உணர்ச்சி குறைந்துவிடும். தண்ணீர் குரல்வளையைத் தாண்டி இறங்கினாலும் அந்தக் காவல்காரனுக்குத் தெரியாது. ஆள் அமைதியாக இருப்பார், நாங்களும் நல்லாகச் சாப்பிட்டார் என்று நினைப்போம். வலப்பக்கம் கீழே வருவதற்கும் காரணம் உண்டு. வலப்பக்க மூச்சுக்குழாய் இடப்பக்கத்தை விட அகலம், நேராகவும் கீழே இறங்கும், இருந்துகொண்டு சாப்பிடுகிற ஆளுக்கு உள்ளே விழுகிறது பெரும்பாலும் அங்கேதான் போகும்.

இருமல் இல்லாவிட்டாலும் வேறு அடையாளம் இருக்கும். விழுங்கின பிறகு குரல் ஈரமாக, தொண்டைக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரிக் கேட்கும். ஒவ்வொரு நேரச் சாப்பாடும் இழுபடும் (முக்கால் மணித்தியாலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்). வலக் கடைவாயில் சோறு ஒதுங்கி நிற்கும், அவருக்கு அது தெரியாது. மெலிந்துகொண்டு போவார். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நெஞ்சு கரகரக்கும், பின்னேரத்தில் மேல் சுடும். இவற்றில் எது இருக்கிறது என்று ஒரு கிழமை பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கோ, டொக்டருக்கு அது பெரிய உதவி.

உள்ளே போவது சோறு மட்டும் இல்லை. வாயில் ஊறுகிற எச்சில் போகும், படுத்திருக்கும்போது இரைப்பையில் இருந்து மேலே வருகிற புளித்த தண்ணியும் போகும். எச்சிலோடு கிருமி போகிறது, அமிலம் உள்தோலைச் சுடுகிறது, அந்த இடம் காய்ந்து ஆறி, திரும்பவும் புண்ணாகி, கடைசியில் குழாயின் சுவர் தளர்ந்து விரிந்துவிடும். விரிந்த இடத்தில் சளி தேங்கும், தேங்கின சளியில் கிருமி குடியிருக்கும். டொக்டர் பழையபடி வராது என்று சொன்னது சரிதான். ஆனால் இனி உள்ளே போவதைக் குறைத்தால் அந்தப் பழுது அவ்வளவில் நிற்கும், மிச்ச நுரையீரல் தப்பும். ஊசி வந்த காய்ச்சலை மாற்றும், அடுத்த காய்ச்சலை மறிக்கிற வேலை உங்கள் வீட்டுக் குசினியில்தான் இருக்கிறது.

இன்றைக்கே கட்டிலில் சாய்த்துத் தீத்துவதை விடுங்கோ. கைபிடி உள்ள கதிரையில், முதுகு நேராக, பாதம் நிலத்தில் ஊன்ற இருத்துங்கோ. தீத்துகிறவரும் அவருக்கு முன்னால், கண் மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றுகொண்டு மேலே இருந்து தீத்தினால் அவர் அண்ணாந்து வாங்குவார், அண்ணாந்தால் மூச்சுக்குழாய் வாசல் திறந்து கிடக்கும். தேக்கரண்டியில் அரைவாசி, விழுங்கினது தெரிந்த பிறகு அடுத்தது. இடையில் ஒருதரம் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கோ, குரல் ஈரமாக இருந்தால் செருமி இன்னொருதரம் விழுங்கச் சொல்லி, குரல் தெளிந்த பிறகு தொடருங்கோ. சாப்பாடு முடிந்ததும் படுக்கவிடாமல் குறைந்தது அரை மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும்.

அதோடு ஒரு கேள்வி, ஐயா வெற்றிலை போடுகிறவரா? நித்திரைக் குளிசை ஏதும் குடிக்கிறாரா?

பழைய_கமக்காரன் எழுதியது:

பிள்ளை, என்ரை மாமிக்கும் இப்படித்தான் நெஞ்சு அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆடாதோடையும் சுக்கும் அவித்துக் கொடுத்தோம், பிறகு பாமசியில் இருமல் பாணியும் வாங்கினோம், இருமல் நின்று நல்லாக நித்திரை கொண்டா. பிரக்கடித்தால் உடனே தண்ணி பருக்கி உச்சியில் தட்டினால் இறங்கிவிடும். கவலைப்படாதேங்கோ.

வாட்டுத்_தாதி எழுதியது:

அண்ணை, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்த ஐயாவுக்கு அது கூடாது. இருமலை அடக்குகிற பாணி கொடுத்தால் மிச்சமிருக்கிற காவல்காரனையும் நித்திரையாக்கிவிடுகிறோம், சளி உள்ளேயே கிடக்கும். கசாயமும் தண்ணி மாதிரி ஓடுகிற சாமான், அவருக்கு விழுங்கக் கடினமானதே அதுதான். பிரக்கடித்தால் தண்ணி பருக்கவே கூடாது, முன்னால் குனியவைத்து இருமவிட வேண்டும். இருமவும் முடியாமல், சத்தமும் வராமல், முகம் நீலமாகினால் குனியவைத்து முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தரம் பலமாகத் தட்டுங்கோ, மற்ற ஆள் 1990 அம்புலன்சுக்கு அடிக்கட்டும்.

விசுவமடு_தங்கச்சி எழுதியது:

அக்கா, குழாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். என்ரை அண்ணாவுக்கு 2009இல் செல் (எறிகணை) துண்டு பட்டுத் தலையில் காயம். அப்போது அவருக்கு 22 வயது. உயிர் தப்பினார், ஆனால் விழுங்குகிற சக்தி போய்விட்டது. முதலில் மூக்கால் குழாய், பிறகு வயிற்றில் துளை வைத்துக் குழாய். இப்போது கொஞ்சம் வாயாலும் சாப்பிடுகிறார்.

குழாய் போட்டால் இனி நெஞ்சுச்சளி வராது என்று நாங்கள் நம்பிவிட்டோம். முதல் இரண்டு வருடமும் அந்த நம்பிக்கையால்தான் பட்ட பாடு. குழாயால் சாப்பாடு நேரே வயிற்றுக்குப் போகும், சரி. எச்சிலைக் குழாய் மறிக்காது. வயிற்றில் இருந்து எதுக்களித்து வருவதையும் மறிக்காது. நாங்கள் இரவு பத்து மணிக்குக் குழாயால் பால் விட்டுவிட்டு, ஆளும் களைத்துப் போனார் என்று தட்டையாகப் படுக்கவைப்போம். விடிய நெஞ்சு கொதிக்கிற கேத்தில் மாதிரி இரையும். பிறகு ஒரு பிசியோ அக்கா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுக் கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு இரண்டு பக்கமும் கல்லு வைக்கச் சொன்னா. வீடு கட்ட இறக்கின சீமெந்துக் கல்லு கிடந்தது, அதையே வைத்தோம். கடைசிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றினோம், ஒரு மணித்தியாலம் சாய்த்து இருத்தினோம். அதற்குப் பிறகு காய்ச்சல் வருவது நல்லாகக் குறைந்தது.

வாயை மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனவருத்தம். வாயால் சாப்பிடாத ஆளுக்கு ஏன் பல்லுத் தீட்ட வேண்டும் என்று நினைத்தோம். ஒருநாள் டோர்ச் அடித்துப் பார்த்தேன், மேல் அண்ணத்தில் மண்ணிறமாகப் பொருக்குப் பிடித்து, பாணின் கரை மாதிரித் தடித்துப்போய் இருந்தது. நனைத்த துணியை விரலில் சுற்றி ஊறவைத்து ஊறவைத்து எடுக்க மூன்று நாள் சென்றது. அந்த ஊத்தையில் ஊறின எச்சில்தான் இரவிரவாக அவரின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இப்போது காலையும் இரவும் மெல்லிய பிரசால் தீட்டி, தலையை ஒருபக்கம் சரித்துத் துடைத்து எடுக்கிறேன். அவரின் சாப்பாட்டை விட அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று, புட்டு கொடுக்காதேங்கோ. அண்ணா வாயால் சாப்பிடத் தொடங்கின புதிதில், ஆசைப்படுகிறார் என்று அம்மா புட்டுக் கொடுத்தா. உதிர்ந்த மா தொண்டைச் சுவரில் ஒட்டி, மூச்சு இழுக்கும்போது உள்ளே போய்விட்டது. ஒன்பது நாள் வாட்டில் கிடந்தார்.

கரண்டி_அளவு எழுதியது:

நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன், ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்தவள். பேச்சுக்கு மட்டும்தான் எங்களிடம் வர வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், விழுங்குவதைப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். டொக்டரிடம் கேட்டு ஒரு கடிதம் வாங்குங்கோ. எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் கலந்த சாப்பாட்டைக் கொடுத்து விழுங்கும்போதே எக்ஸ்ரே படமாகப் பார்க்கலாம், மூக்கால் சின்னக் கமரா விட்டும் பார்க்கலாம். சத்தமில்லாமல் உள்ளே போவதை உறுதியாகக் கண்டுபிடிக்க இந்த இரண்டும்தான் வழி, கட்டிலடியில் நின்று பார்த்து முழுதாகச் சொல்ல முடியாது. எந்த எந்தச் சாமான் எந்தத் தடிப்பில் பாதுகாப்பு என்பதும் அதில்தான் தெரியும். ஆகவே கீழே எழுதுவதை அதுவரைக்கும் ஒரு பிடிமானமாக எடுங்கோ.

தண்ணீர், தேத்தண்ணி, சொதி, ரசம் எல்லாம் வேகமாக ஓடுகிறவை. பாரிசவாதக்காரருக்கு விழுங்குகிற தசை அசையச் சுணங்கும், அதற்குள் தண்ணீர் வாசலுக்குப் போய்விடும். அதைவிடக் கரைச்சல், இரண்டும் கலந்த சாப்பாடு. தெளிந்த கஞ்சியில் பருக்கை மிதக்கும், சோற்றுக்கு மேல் சொதி ஓடும், இடியப்பமும் அப்படித்தான். பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் தன்பாட்டில் இறங்கிவிடும். எங்கள் ஊரில் நோயாளிக்கு என்று முதலில் கொடுப்பதே கஞ்சிதான், அது இவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று பலருக்குத் தெரியாது. கஞ்சியைப் பருக்கை இல்லாமல் அரைத்துக் கரண்டியில் நிற்கிற பதத்துக்குக் கொண்டுவாங்கோ. குரக்கன் கூழைக் கட்டியில்லாமல் தடிப்பாகக் கிண்டலாம். குழைந்த சோறும் பருப்பும் கடைந்து மசித்த பூசணியும், நல்லாகப் பழுத்த பப்பாசியும் மசித்து. பாண் வேண்டாம், வாயில் பசையாகித் தொண்டையில் அடைக்கும்.

தடிப்பை அளக்க ஒரு வழி இருக்கிறது. உலகம் முழுக்க இப்போது 0 முதல் 7 வரை படி வைத்துச் சாப்பாட்டின் பதத்தைச் சொல்கிறார்கள், அதில் 0 வெறும் தண்ணீர். ஊசி கழற்றின 10 மில்லி லீற்றர் சிரிஞ்சின் அடியை விரலால் பொத்தி நிறைத்து, விரலை எடுத்து 10 செக்கன் ஒழுகவிட்டு மறிக்க வேண்டும். மிச்சம் 1 முதல் 4 மில்லி லீற்றர் என்றால் முதலாம் படி, 4 முதல் 8 என்றால் இரண்டாம் படி, 8க்கு மேல் நின்று கொஞ்சமாவது ஒழுகினால் மூன்று. எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை, அதனால் எந்தப் படி வேண்டும் என்பதையும் சரியான சிரிஞ்சையும் அவரைப் பார்க்கிற சிகிச்சையாளரிடமே கேளுங்கோ.

எல்லாவற்றையும் தடிப்பாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். தடித்த தண்ணீரை ஒருவருக்கும் பிடிக்காது, அதனால் குறைவாகக் குடிப்பார்கள், வன்னி வெயிலில் உடம்பு வற்றிவிடும். தடித்தது தொண்டைக்குள் மிச்சமாகத் தங்கவும் செய்யும். இதில் வைத்தியர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. வாய் துப்புரவில் மட்டும் விவாதம் குறைவு. 1998இல் அமெரிக்காவில் சூசன் லாங்மோரும் மற்றவர்களும் முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், விழுங்கும் கோளாறு மட்டும் நிமோனியாவை (இந்த நெஞ்சுச்சளிக் காய்ச்சலை) கொண்டுவருவது குறைவு, அதோடு வேறொருவர் தீத்த வேண்டிய நிலை, வாயைத் தானே துப்புரவாக்க முடியாத நிலை, சொத்தைப் பல்லு எல்லாம் சேரும்போதுதான் கூடுதலாக வருகிறது என்று கண்டார்கள். விசுவமடுத் தங்கச்சி டோர்ச் அடித்துப் பார்த்ததும் அதையேதான். ஐயாவின் நல்ல கையில் கரண்டியைக் கொடுங்கோ. மெதுவாக, சிந்திச் சிந்தி என்றாலும் தானே எடுத்துச் சாப்பிடட்டும், வாய்க்கு வருவது கைக்குத் தெரிந்தால் தொண்டையும் ஆயத்தமாகும்.

முழங்காவில்_அம்மா எழுதியது:

என்ரை மகனுக்கு ஆறு வயது, பிறக்கும்போதே மூளைவாதம். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன், எண்ணெய். மலம் இறுகினால் பருக்கிறது, சளி என்று மூக்குக்குள் விடுகிறது, மாமியார் அந்தக் காலத்து வழக்கத்தில் அன்பாகத்தான் செய்தா. பிள்ளை இருமவே இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாக வந்தபோது டொக்டர் விளங்கப்படுத்தினார், எண்ணெய் வழுக்கிக்கொண்டு போகும், இருமலைக் கிளப்பாது, நுரையீரலுக்குள் போனால் உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, அதைச் சுற்றி அழற்சி வந்து தழும்பாகும் என்று. விழுங்கக் கஷ்டப்படுகிற ஆளுக்கு, பிள்ளையோ கிழவரோ, வாயாலும் மூக்காலும் எண்ணெயோ நெய்யோ விடாதேங்கோ. தலைக்குத் தேயுங்கோ, காலுக்குத் தேயுங்கோ.

முத்தையன்கட்டு_மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாசித்து அம்மாவுக்கும் சொன்னேன், கொஞ்சம் தெளிந்திருக்கிறா. தாதி அக்கா கேட்டதற்குப் பதில்: வெற்றிலை போடுகிறவர், பாரிசவாதம் வந்தபிறகும் விடவில்லை. இன்றைக்குச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து வாயைத் திறக்கச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தேன். வலக் கடைவாயில் பாக்குத் துண்டு இரண்டு, மத்தியானச் சோறு ஒரு உருண்டை. அவருக்குத் தெரியவே இல்லை. என்ரை கையில் இருந்த பாக்கைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நித்திரைக் குளிசையும் இருக்கிறது, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கிறோம்.

வாட்டுத்_தாதி எழுதியது:

பாக்குத் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போனால் அங்கேயே இறுகிக் கிடக்கும், கமரா விட்டுத்தான் எடுக்க வேண்டி வரும். வெற்றிலையை அடியோடு நிற்பாட்டுங்கோ, அவருக்குக் கோபம் வந்தாலும். குளிசையை நீங்களாக நிற்பாட்டாதேங்கோ, டொக்டரிடம் கேளுங்கோ, ஆனால் இரவுச் சாப்பாடு முதல், குளிசை பிறகு. அரைத் தூக்கத்தில் இருக்கிற ஆளுக்கு ஒரு கரண்டியும் கொடுக்கக் கூடாது. பொய்ப்பல்லு இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கோ. காலையில் வெறுவயிற்றில் சளியை இறக்குகிற அப்பியாசத்தைப் பிசியோவிடம் பழகுங்கோ, தலையைக் கீழே தொங்கவிடுகிற முறை இவருக்கு வேண்டாம், எதுக்களித்துத் திரும்பவும் உள்ளே போகும். சளியில் இரத்தம் கண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆள் மயங்கின மாதிரிச் சோர்ந்தாலோ காய்ச்சல் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் கூட்டிக்கொண்டு வாங்கோ. வயது போனவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே காட்டாது.

முத்தையன்கட்டு_மகள் எழுதியது:

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். விழுங்குகிற எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் உள்ளே போவதை நானே திரையில் கண்டேன், கறுப்பாக ஒரு கோடு, நேரே மூச்சுக்குழாய்க்குள். அப்பா ஒருதரம்கூட இருமவில்லை. இரண்டாம் படித் தடிப்பில், நாடியைக் கீழே பதித்து விழுங்கினால் போகவில்லை. இப்போதைக்குக் குழாய் வேண்டாம் என்றார்கள், மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள்.

வெற்றிலைத் தட்டத்தை அம்மா பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டா, முதல் கிழமை வீடு முழுக்கச் சண்டை. காய்ச்சல் இன்னும் வரவில்லை, நிறை ஒரு கிலோ கூடியிருக்கு. பின்னேரம் நாலு மணிக்கு விறாந்தைக் கதிரையில் இருந்து, தடிப்பாக்கின தேத்தண்ணியை இடக்கையால் கரண்டி கரண்டியாகத் தானே குடிக்கிறார். இதென்ன கூழா தேத்தண்ணியா என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். முடிய இருபது நிமிடம் போகும். பிறகு "ஆ" சொல்லச் சொல்லுவேன், நேற்றுத் தெளிவாக வந்தது.

கரண்டி_அளவு அக்கா, தடிப்பாக்குகிற மா விலையாக இருக்கிறது, ஒட்டுசுட்டானில் கிடைக்கவும் இல்லை. கோன் மா போட்டுக் காய்ச்சலாமா? ஆறினால் பதம் மாறுகிறது, அதுதான் பயமாக இருக்கு.